செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: யாரா பள்ளத்தாக்குச் சரளைப் பாதைகளும் நிலுவைச் சந்தாவும்

நம் சைக்கிள் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராமல் நாளை வாட்ஸ்அப்பில் இதைப் படிக்கப்போகும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மெல்பர்ன் பக்கம் நாம் சைக்கிள் ஓட்டும் மண்ணின் மரபுவழி உரிமையாளர்களான வுருண்ட்ஜெரி பழங்குடி மக்களுக்கும் அவர்களுடைய மூத்தோருக்கும் நம் மரியாதை. யாரா ஆற்றுக்கு அவர்கள் வழங்கிய பெயர் பிர்ராருங்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலச் சட்டப்படி நிதியாண்டு முடிந்த ஐந்து மாதத்துக்குள் பொதுக்கூட்டம் நடத்தியாக வேண்டும். நம் நிதியாண்டு ஜூன் 30இல் முடிகிறது. போன மாதமே ஒரு முறை கூட்டினோம். கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, சேரவில்லை. மண்டப வாடகை போனது போனதுதான். இன்றைக்குச் சேர்ந்திருப்பதற்கு, கூட்டம் முடிந்ததும் சாப்பாடு உண்டு என்று அறிவித்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த ஆண்டு நிகழ்ச்சிகள்: பொங்கல் சவாரி நடந்தது, தீ அபாயப் பருவம் என்பதால் பொங்கலை வீட்டிலேயே வைத்துக் கொண்டுவந்தோம். பஞ்சர் ஒட்டும் பயிற்சி நடந்தது. குளிர்காலச் சவாரி மழையால் கைவிடப்பட்டது. சிறுவர் சவாரிக்குப் பெற்றோர் நல்ல ஒத்துழைப்பு தந்தார்கள். செயற்குழு வழக்கம்போல் கூடியது.

அடுத்து, பள்ளத்தாக்குப் பாதை வரைபடம். இது என் சொந்த விருப்பத்துக்காகச் செய்த வேலை என்று சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்மில் பலர் சரளைப் பாதை என்றால் மலையேறி மூச்சு வாங்குவது என்று நினைத்துத்தான் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். யாரா பள்ளத்தாக்கில் அந்தக் கவலை வேண்டியதில்லை. லில்லிடேலிலிருந்து வார்பர்ட்டன் வரை சுமார் 40 கிலோமீட்டர் தூரம் பழைய ரயில் பாதையே சைக்கிள் பாதையாகிவிட்டது. 1901இல் தொடங்கிய அந்த ரயில் 1965இல் நின்றுபோனது. நீராவி வண்டியால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அன்றைக்கே மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பிப் போட்ட பாதை அது. லில்லிடேலிலிருந்து மவுண்ட் எவலின் வரைக்கும்தான் கொஞ்சம் இழுக்கும். அதைத் தாண்டிவிட்டால் வாண்டின், செவில், வூரி யாலக் என்று ஊர் ஊராகக் கால் பாட்டுக்குச் சுற்றும்.

இதோடு நின்றிருந்தால் வரைபடமே தேவையில்லை. வழிகாட்டிப் பலகையைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம். நான் சேர்த்தது இரண்டு கிளைகள். முதலாவது, லாஞ்சிங் பிளேஸில் ரயில் பாதையை விட்டு டான் ரோடு ஏற்றத்தில் ஏறி, ஓ'ஷானஸி கால்வாய்ப் பாதையைப் பிடிப்பது. மெல்பர்னுக்குக் குடிநீர் கொண்டுபோக 1914இல் கட்டி முடித்த கால்வாய் அது. இப்போது தண்ணீர் ஓடுவதில்லை. பம்பு வைக்காமல் தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்று வெட்டியதால், மலைச்சரிவின் நடுவிலும் பாதை ஏறக்குறைய மட்டமாகவே போகிறது. ஏற்றம் டான் ரோட்டில் மட்டும்தான்; மேலே போய்விட்டால் இடப்பக்கம் காடு, வலப்பக்கம் கீழே பள்ளத்தாக்கு. வார்பர்ட்டனுக்கு மேலே வந்ததும் இறங்கி, ரயில் பாதையில் திரும்பலாம். இறக்கத்தில் வளைவின் உள்பக்கம் சரளை குவிந்து கிடக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்துவிட வேண்டும்.

இரண்டாவது கிளை செவிலிலிருந்து வடக்கே குருயேர் வழியாகக் கோல்ட்ஸ்ட்ரீம் போவது. அங்கேதான் திராட்சை. 1838இல் ரைரி சகோதரர்கள் யெரிங்கில் நட்ட கொடிகளிலிருந்து தொடங்குகிறது இந்த மாநிலத்தின் ஒயின் கதை. அப்புறம் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த குடும்பங்கள் அதைப் பெருக்கின. 1889 பாரிஸ் கண்காட்சியில் யெரிங் ஒயினுக்கு உயர்ந்த பரிசு கிடைத்தது. அதெல்லாம் போய், 1920களில் கொடிகளைப் பிடுங்கிவிட்டு மாடு மேய்த்தார்கள். 1960களின் கடைசியில்தான் மறுபடி நட ஆரம்பித்தார்கள். இன்று பினோ நுவார், ஷார்டனே என்ற திராட்சை வகைகள்தான் இங்கே பேர் பெற்றவை. ஓட்டும்போது சுவைக்கலாமா என்று ஒவ்வொரு சவாரியிலும் ஒருவர் கேட்கிறார். கூடாது. சவாரி முடிந்து, சைக்கிளைக் காரில் ஏற்றி, காரை வேறொருவர் ஓட்டுவதாக இருந்தால் சுவைத்துக்கொள்ளட்டும்.

இனி, ஷூவைச் சுத்தம் செய்ய நான் வாங்கி, எல்லோரும் கேலி செய்த அந்த பிளாஸ்டிக் தொட்டிகள்.

பிலாக்சரா என்பது திராட்சை வேரில் சாறு உறிஞ்சும் ஒரு சின்னப் பூச்சி. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட வராது. வந்துவிட்டால் மருந்து கிடையாது. கொடியைப் பிடுங்கி, அமெரிக்க வேர்க்கொடியில் ஒட்டுப்போட்ட புதுக் கன்றைத்தான் நட வேண்டும். 1877இல் ஜீலாங்கில் அது தெரியவந்தபோது அரசே அந்த வட்டாரத்துத் தோட்டங்களைப் பிடுங்க வைத்தது. யாரா பள்ளத்தாக்கில் 2006இல் கண்டுபிடித்தார்கள். இன்றும் இது பிலாக்சரா மண்டலம்தான், அதாவது பூச்சி இருப்பதாக அறிவிக்கப்பட்ட பகுதி. பூச்சி தானாக வெகுதூரம் போகாது. நம் காலிலும் டயரிலும் ஒட்டிய மண்ணில் ஏறித்தான் அடுத்த தோட்டத்துக்குப் போகிறது. அறுவடை இயந்திரங்களையே 45 டிகிரி வெப்ப அறையில் 75 நிமிடம் வைத்து வெளியே எடுக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளிக் பெடல் ஷூவைத் திருப்பிப் பாருங்கள். அடியில் உள்ள உலோகத் துண்டைச் சுற்றிச் செம்மண் கேக் மாதிரி அப்பியிருக்கும். அந்த மண்ணோடு அப்படியே பிளீச்சில் முக்கினால் பயனில்லை; முதலில் பிரஷ்ஷால் தேய்த்து மண்ணை முழுக்க எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு 60 வினாடி கரைசலில் வைக்க வேண்டும். அதற்குத்தான் தொட்டி, அதற்குத்தான் பிரஷ். "சைக்கிள் சங்கத்துக்கு எதற்கு பிளீச்?" என்று செயற்குழுவில் கேட்டவருக்கு நான் அன்றே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேள்வி கேட்டதும் வெளியே போய்விட்டார்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடைக் காலம். அந்தச் சமயத்தில் நடந்த சவாரியில், நம் உறுப்பினர்கள் சிலர் வேலிக்கதவு திறந்திருக்கிறது என்று சைக்கிளோடு கொடி வரிசைக்குள் புகுந்து படம் எடுத்திருக்கிறார்கள். பறவைக்காகப் போட்ட வலையையும் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். படத்தை அவர்களே முகநூலில் போட்டு, சங்கத்தையும் இணைத்திருந்தார்கள். தோட்டக்காரரிடமிருந்து வந்த கடிதம் என் பெயருக்கு வந்தது. மரியாதையான கடிதம்தான். அதனால்தான் பதில் எழுதுவது கஷ்டமாக இருந்தது. மன்னிப்புக் கடிதம் நான் எழுதினேன்; படம் எடுத்தவர்களில் ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. வரைபடத்தின் முதல் பக்கத்தில் "பாதையை விட்டு இறங்காதீர்கள், கொடி வரிசைக்குள் போகாதீர்கள்" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. படிக்கத்தான் ஆள் வேண்டும்.

வரைபட வேலைக்கு உதவி கேட்டு நான் போட்ட செய்திக்கு நிறையக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. லில்லிடேல் ஸ்டேஷனுக்கு வந்தவர்களை எண்ண ஒரு கை விரல்களே போதும். இத்தனைக்கும் சைக்கிளை ரயிலில் இலவசமாகவே ஏற்றலாம். வந்தவர்களில் ஒருவர் ஒல்லி டயர் போட்ட ரோடு சைக்கிளில், காற்றைக் கல்லாக அடித்துக்கொண்டு வந்தார். குருயேர் பக்கம் வண்டிகள் வேகமாகப் போய்ப் போய் மண் ரோடு அலை அலையாகக் கிடக்கிறது. அந்த அலையில் அவருடைய தண்ணீர் பாட்டில் எகிறியதோடு பல்லும் கிடுகிடுத்தது. அகலம் 40 மில்லிமீட்டராவது உள்ள டயர், அதில் காற்றைக் குறைத்து வைத்தல் என்று நான் சொல்வதை என் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் அவர் வந்தார், கடைசி வரை இருந்தார். அவருக்கு என் நன்றி தனியாக உண்டு.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தாக்கல் செய்வார். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் கிட்டத்தட்ட சரியாக இருக்கின்றன; காப்பீட்டுத் தொகை கட்டியதும் கையிருப்பு கொஞ்சம் மெலிந்துவிட்டது. தொட்டி, பிரஷ் செலவு "இதரம்" என்பதில் அடங்கும். சந்தா பாக்கிதான் பெரிய விஷயம். கட்டாதவர்களின் பெயரைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. பட்டியல் என்னிடம் இருக்கிறது. சந்தா கட்டாமல் சவாரிக்கு வருபவர்கள், கீழே விழுந்தால் சங்கத்தின் காப்பீடு தங்களுக்குப் பொருந்துமா என்று ஒரு முறை யோசித்துப் பார்க்கலாம்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், சாப்பாடு செய்து கொடுத்த குடும்பங்களுக்கும், மண்டபச் சாவியைத் தந்து உதவியவர்களுக்கும், கடிதம் எழுதியும் நம்மை இன்னும் தன் வேலியோரம் போக விடும் தோட்டக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு யாரா க்ளென் பக்கமும் ஒரு கிளை சேர்க்க நினைத்திருக்கிறேன். அங்கே ஆற்றங்கரைச் சமவெளி வெள்ளத்தில் மூழ்கும் என்பதால் எந்தப் பருவத்தில் எந்த வழி திறந்திருக்கும் என்று ஆண்டு முழுக்கப் போய்ப் பார்க்க வேண்டும். அதை ஒரே ஆளால் செய்ய முடியாது. மாதம் ஒரு ஞாயிறு, ஜோடிக்குப் பாதையில் ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டால் முடியும். செயலாளர்தான் செய்ய வேண்டும் என்றும் இல்லை. ஆர்வமுள்ள யாரும் பொறுப்பேற்கலாம், என் கோப்புகளை எல்லாம் தந்துவிடுகிறேன்.

வேட்புமனுப் படிவங்கள் தேநீர் மேசையில், சந்தா ரசீதுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. செயலாளர் பதவிக்கு இதுவரை யாரும் மனு தரவில்லை, நான் உட்பட.

இவண்,
செயலாளர்