அந்த 48 இலக்க எண்ணைக் கேட்க ஒரு போன் அடித்திருக்கலாம்: லேப்டாப் நிறுவனத்துக்கு என் புகார் கடிதம்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.
பெறுநர்: குறைதீர் அலுவலர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
நாள்: 30.06.2025

பொருள்: ஃபேன் பழுதுக்குக் கொடுத்த லேப்டாப்பை என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்து திருப்பிக் கொடுத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம்.

இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்கையும் மெயிலில் அனுப்பினேன். நான்குக்கும் 'உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்' என்று ஒரே பதில் வந்தது. இரண்டு நாள் கழித்து 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று எஸ்.எம்.எஸ். வந்தது. எதுவுமே தீரவில்லை. அதனால் இதைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புகிறேன். தயவுசெய்து ஒரு மனிதர் இதை உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

2023 தீபாவளி போனஸோடு சீட்டுப் பணத்தையும் சேர்த்து 78,990 ரூபாய்க்கு உங்கள் கேமிங் லேப்டாப்பை வாங்கினேன். நீட்டித்த வாரண்டிக்குத் தனியாகவும் பணம் கட்டியிருக்கிறேன். கடந்த மார்ச்சில் இடதுபக்க ஃபேன் இரைய ஆரம்பித்தது. பிறகு ஆன் செய்த நாலாவது நிமிடம் சூடேறித் தானாக அணைந்தது. மார்ச் 27 அன்று மில்லில் அரை நாள் லீவு போட்டு, கே.கே. நகர்ப் பக்கம் இருக்கும் உங்கள் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். கவுன்டரில் பென்டிரைவை நீட்டி, "இருக்கிற நாலு நிமிசத்துல டாக்குமெண்ட்ஸ் போல்டரை மட்டும் காப்பி எடுத்துக்கிறேன்" என்று கேட்டேன். "டேட்டாவைத் தொடவே மாட்டோம் மேடம், இது ஃபேன் வேலைதானே" என்றார் அங்கிருந்தவர். எனக்கு மனசு கேட்கவில்லை. ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொன்னேன். 'டேட்டா தேவை, அழிக்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். மூலத்தில் மை கலைந்திருப்பதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மே 15 அன்று லேப்டாப் ஃபார்மட் ஆகித்தான் என் கைக்கு வந்தது. அது எப்படி என்று சொல்வதற்கு முன், ஜூன் 3-ஆம் தேதி மாலை உங்கள் டோல் ஃப்ரீ எண்ணில் பேசிய அந்த ஊழியரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த அழைப்பைப் பதிவு செய்வதாக நீங்களே அறிவித்தீர்கள். எடுத்துக் கேளுங்கள்.

22 நிமிடம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்த பிறகு அவர் வந்தார். என் லேப்டாப்பில் இருந்த கேமின் சேவ் ஃபைல், அதாவது நான் அதுவரை ஆடியதெல்லாம் பதிவாகி இருந்த ஃபைல், அழிந்துவிட்டது என்றேன். "யாரு மேடம் விளையாடுறது, உங்க பையனா?" என்றார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றேன். "அப்ப தம்பியா? தம்பிகிட்ட போனைக் குடுங்க, அவருக்குப் புரியிற மாதிரி சொல்றேன்" என்றார். விளையாடுவது நான்தான் என்றேன். சிரித்தார். பக்கத்தில் இருந்த யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார். அது தெளிவாக எனக்குக் கேட்டது. பிறகு, "ஆன்லைன் கேம்னா எல்லாம் சர்வர்லயே இருக்கும் மேடம், லாகின் பண்ணுங்க" என்றார். நான் ஆன்லைனில் விளையாடுவதில்லை, தனியாகத்தான் விளையாடுகிறேன் என்று விளக்கினேன். "அப்ப திரும்ப முதல்ல இருந்து ஆடுங்க மேடம், ஜாலியா இருக்கும். கேம்தானே" என்று சொல்லி வைத்துவிட்டார். ஐந்து நிமிடம் கழித்து, அவர் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டு மெசேஜ் வந்தது.

கேம்தானே என்கிறார்கள். அதையே கேமிங் லேப்டாப் என்று பெயர் வைத்து விற்பது யார்?

நான் விளையாடுவது ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற கேம். 1899-இல் அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் நடக்கும் கதை. உங்கள் லேப்டாப்பின் விளம்பரத்தைப் பார்த்து, 'இதில் அது ஓடுமா' என்று கடையில் கேட்டுத்தான் வாங்கினேன். அதற்கு டிஸ்கில் 150 ஜி.பி. இடம் வேண்டும். எங்கள் ஊரில் ஃபைபர் இல்லை. போனில் நாளுக்கு 2 ஜி.பி. ரீசார்ஜ். அந்தக் கணக்கில் இறக்கினால் 75 நாள் ஆகும். அதனால் எல்லிஸ் நகரில் இருக்கும் அத்தை வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிப்போய், இரண்டு ராத்திரி தங்கி டவுன்லோடு செய்தேன். நீங்கள் ஃபார்மட் அடித்ததில் அந்த வேலையும் சேர்ந்து போனது.

எனக்கு நூற்பாலையில் கணக்கு வேலை. நாள் முழுக்கத் தறிச்சத்தத்துக்கு ஈடான மெஷின் இரைச்சல், லாரிக்காரர், சூப்பர்வைசர், பாக்கி கேட்பவர், பாக்கி சொல்பவர். வீட்டுக்கு வந்து சமைத்து, அம்மா சீரியல் பார்த்துத் தூங்கியதும் ஒன்பதரை. அதிலிருந்து பதினொன்றரை வரை எனக்கென்று இருந்த நேரம் அது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கேமின் நாயகன் ஆர்தர் மார்கனைக் குதிரை மேல் ஏற்றி, வேலன்டைன் ஊரை விட்டுப் புல்வெளிப் பக்கம் போனால் யாரும் என்னை எதற்கும் கூப்பிட மாட்டார்கள். கதையை நகர்த்தும் மிஷன் எதுவும் செய்யாமல் ஏரிக்கரையில் மீன் பிடித்துவிட்டு எழுந்த ராத்திரிகள் நிறைய. யாரோடும் போட்டி கிடையாது. எனக்கு அது பிடித்திருந்தது. இதை உங்களுக்கு விளக்க வேண்டிய நிலைமை வந்ததே எனக்கு வருத்தம்.

கேமில் என் குதிரையின் பெயர் மல்லி. இசபெல்லா ஏரிக்குப் பக்கத்தில், பனிக்குள் திரியும் வெள்ளை அரேபியக் குதிரை அது. கிட்டே போனாலே மிரண்டு ஓடும். நாலு ராத்திரி போய்க் கயிறு வீசி, கீழே விழுந்து, அஞ்சாவது ராத்திரிதான் அடங்கியது. என் தாத்தா உசிலம்பட்டியில் ஜட்கா ஓட்டியவர். குதிரையைத் தட்டிக்கொடுத்துப் பேசாமல் எந்த வேலையும் வாங்கக் கூடாது என்பார். கேமிலும் அப்படித்தான். தீவனம் கொடுத்து, மேலுக்குத் தேய்த்துவிட்டு, மிரளும்போது தட்டிக்கொடுத்தால்தான் பழக்கம் ஒவ்வொரு படியாக ஏறும். நாலாவது படிதான் கடைசி. மல்லி அந்தப் படிக்கு வந்திருந்தது. அந்தக் கேமில் குதிரைக்கு அடிபட்டு, உடனே மருந்து கொடுக்காவிட்டால் செத்துப்போகும், திரும்ப வராது. அதற்குப் பயந்து எந்தச் சண்டைக்குப் போனாலும் மல்லியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்தே போனவள் நான். 412 மணி நேரம் ஒரு கீறல் படாமல் காத்த குதிரை, உங்கள் டெக்னீஷியன் மேசையில் போனது.

கேமில் தேடிச் சேர்க்க வேண்டிய 30 டைனோசர் எலும்பில் பாதிக்கு மேல் கண்டுபிடித்திருந்தேன். 144 சிகரெட் அட்டையில் ஒன்பதுதான் பாக்கி. 'பாரதி' என்று பெயர் வைத்த பெரிய கரடி ஒன்று உண்டு. நம்ம ஊர்ப் பெயராக இருக்கிறதே என்று அதைச் சுட மனசு வராமல் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். ஆர்தர் ஒரு நோட்டு வைத்திருப்பார். நாம் போகும் இடத்தையும் பார்க்கும் மிருகத்தையும் அதில் படமாக வரைந்து வைப்பார். நான் எங்கெங்கே சுற்றினேனோ அதெல்லாம் அந்த நோட்டில் இருந்தது. கதையில் ஆறாவது அத்தியாயத்தில் இருந்தேன். ஆர்தருக்குக் காசநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் கடைசி மிஷன்களுக்குப் போகாமல், அவருக்குப் பிடித்த இடத்துக்கெல்லாம் ஒரு தடவை கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஃபேன் போனது. முதலில் இருந்து விளையாடு என்று சொன்ன உங்கள் ஊழியருக்கு இது புரியுமா?

என் அப்பா போன பிறகு எனக்கு வந்த பெரிய இழப்பு இதுதான். கூட்டிச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

இப்போது எப்படி அழிந்தது என்பதற்கு வருகிறேன். ஃபேன் கனெக்டர் போர்டிலேயே போய்விட்டது என்று மதர்போர்டை மாற்றியிருக்கிறீர்கள். அதில் குறை சொல்லவில்லை. போர்டு மாறினால் அதிலிருக்கும் டி.பி.எம். என்ற பாதுகாப்பு சிப்பும் மாறும். பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு இருக்கும் டிஸ்க், புது போர்டைக் கண்டதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். இது உங்களுக்குத் தெரியாதது இல்லை. உங்கள் லேப்டாப், நீங்களே போட்டுக் கொடுத்த விண்டோஸ். மே 15 அன்று கவுன்டரில் இருந்த பையன் தன்னை அறியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார்: "நீல ஸ்கிரீன்ல ஏதோ கீ கேட்டுச்சு மேடம், அதான் ஃபார்மட் அடிச்சுட்டோம்."

அந்த 48 இலக்கமும் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதி இருக்கிறது. ஒரு போன் அடித்திருந்தால் வாசித்திருப்பேன். இரண்டு நிமிட வேலை. ஏழு வாரம் லேப்டாப்பை வைத்திருந்தவர்களுக்கு அந்த இரண்டு நிமிடம் இல்லாமல் போய்விட்டது. பூட்டியிருந்த டிஸ்கை ஃபார்மட் செய்துவிட்டதால், மதுரையில் டேட்டா மீட்டுத் தரும் இரண்டு கடையில் கேட்டும் கையை விரித்துவிட்டார்கள்.

ஜாப் ஷீட்டின் பின்பக்கம் 'டேட்டா இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்று பொடி எழுத்தில் இருப்பதாக உங்கள் மெயில் சொல்கிறது. அதே தாளின் முன்பக்கம் உங்கள் ஆள் கையால் எழுதியதைப் பற்றி அந்த மெயிலில் ஒரு வார்த்தை இல்லை. கை தவறிப் போவது வேறு. அழிக்காதே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தெரிந்தே அழிப்பது வேறு.

அந்தத் தாளில் மை கலைந்த கதையையும் கேளுங்கள். ஏப்ரலில் மூன்று தடவை வந்து, 'பார்ட் வரவில்லை' என்ற பதிலோடு திரும்பினேன். மே 10, சனிக்கிழமை மாலை உங்கள் அலுவலகத்திலிருந்து போன். லேப்டாப் ரெடி, திங்கட்கிழமை கட்டாயம் வந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாளுக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும் என்றார்கள். திங்கட்கிழமை மே 12. அன்று அழகர் ஆற்றில் இறங்குகிறார், ஊரே திரண்டு நிற்கும், வேறு நாள் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "அதெல்லாம் எங்க சிஸ்டத்துல காட்டல மேடம், சென்டர் ஓப்பன்தான்" என்று பதில் வந்தது.

விடியக்காலை பஸ்ஸில் ஆரப்பாளையம் வந்தேன். அதற்கு மேல் எந்த வண்டியும் போகவில்லை. செல்லூர் வழியாகக் கோரிப்பாளையம், அங்கிருந்து தல்லாகுளம் என்று அந்தக் கூட்டத்தில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். கருப்பசாமி வேசம் கட்டியவர்கள் துருத்தியில் தண்ணீர் பீய்ச்ச, பைக்குள் இருந்த ஜாப் ஷீட் நனைந்தது. அது சாமிக்குப் பீய்ச்சும் தண்ணீர், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. இரண்டரை மணி நேரம் நடந்து போய்ப் பார்த்தால் உங்கள் சென்டரில் ஷட்டர் இறங்கியிருக்கிறது. எதிர்க் கட்டடத்து வாட்ச்மேன் ஐயாதான் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து மோர் வாங்கிக் கொடுத்தார். "இன்னைக்கி அழகர் எறங்குறாருல்ல தாயி, எவன் கடை தொறப்பான்?" என்றார். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. மதுரையில் சென்டர் வைத்திருக்கும் உங்களுக்கு மட்டும் அது தெரியவில்லை. எனக்கு ஒரு நாள் சம்பளமும் போனது, அழகரையும் கண்ணால் பார்க்கவில்லை.

கோபத்தில் வரிசை மாறிச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள். மே 15 அன்று உண்மையைச் சொன்ன அந்தப் பையன் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம்.

நான் கேட்பது இவை. என்ன நடந்தது என்று எழுத்துமூலம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜூன் 3 அழைப்பில் பேசியவர் சார்பில் மன்னிப்பு வேண்டும். பழைய மதர்போர்டை என்ன செய்தீர்கள், என் டிஸ்கை எந்தத் தேதியில் யார் ஃபார்மட் செய்தார் என்ற சர்வீஸ் பதிவின் நகல் வேண்டும். மன உளைச்சலுக்கும் ஆறு தடவை அலைந்ததற்கும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வேண்டும். தொகையைப் பற்றி உட்கார்ந்து பேச நான் தயார். மன்னிப்பைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நான் பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நானே பேசலாம். இரண்டு வருடம் அவகாசமும் இருக்கிறது. 1915 என்ற போன் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திடமும் பேசிவிட்டேன். அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. போக வைத்துவிடாதீர்கள்.

காலை ஒன்பதிலிருந்து ஐந்தரை வரை மில்லில் இருப்பேன், போன் எடுக்க முடியாது. ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். கூப்பிடுகிறவர் என்னிடமே பேசட்டும், தம்பியைக் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில், வாரண்டி ரசீது, நனைந்த ஜாப் ஷீட்டின் நகல், மே 10 மற்றும் ஜூன் 3 அழைப்புகளின் விவரம்.