படத்துக்குக் கீழே ஊர் பெயரைச் சரியாகப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் பாரிஸ் சுற்றுலா பற்றிய கட்டுரைக்கு அரைப் பக்க அளவில் ஓர் ஈஃபிள் கோபுரப் படம் போட்டிருந்தீர்கள். படம் நன்றாக இருந்தது, அச்சும் சுத்தமாக வந்திருந்தது. ஆனால் அது பாரிஸ் இல்லை சார், அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் ஒரு ஹோட்டலில் நிற்கும் நகல். கோபுரத்தின் கால்களை இன்னொரு தடவை பாருங்கள். பின்பக்கக் கால்கள் ஒரு கட்டடத்தின் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்குகின்றன. அந்தக் கூரைக்குக் கீழே இருப்பது சூதாட்டக்கூடம். பாரிஸ் கோபுரத்தின் நான்கு கால்களும் தரையில்தான் நிற்கும், நடுவில் ஆட்கள் நடந்து போகலாம்.

நான் நாற்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் வீட்டுக்குப் போனபோது, அமெரிக்கா போகிற எல்லா அப்பா அம்மாவையும் போல எங்களையும் கிராண்ட் கேன்யன், லாஸ் வேகாஸ் என்று காரில் ஏற்றிக் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் அறையில் ஏசியில் படுத்திருக்க, நான் மூன்று நாளும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, லாஸ் வேகாஸில் இந்த மாதிரி ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் பெரிய சாலையில் மேலும் கீழும் நடந்தேன். அதனால்தான் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

அங்கே உள்ளவை பொம்மைகள் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். 1999-இல் திறந்த அந்த ஈஃபிள் 540 அடி உயரம், அசலில் பாதி. 1997-இல் வந்த நியூயார்க் பெயர் கொண்ட ஹோட்டலின் முன்னால் ஒரு சுதந்திர தேவி சிலை, அதுவும் அசலில் பாதி. 1993-இல் கட்டிய லக்ஸர் என்ற ஹோட்டல் முப்பது மாடிக் கண்ணாடிப் பிரமிடு. அதன் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஸ்பிங்ஸ், அதாவது மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட சிலை, எகிப்தில் இருப்பதைவிட உயரம். அசலுக்கு மூக்கு உடைந்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது, இதற்கு மூக்கு முழுசாக இருக்கிறது!

படம் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். அந்தச் சாலை ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது. ஈஃபிளும், இத்தாலியின் வெனிஸ் நகரத்தைப் போலக் கட்டிய வெனிஸ் ஹோட்டலும் கிழக்குப் பக்கம், முகம் மேற்கே பார்த்திருக்கும். ஆகவே சாயங்கால வெயில் நேராக முகத்தில் விழும், காலையில் போனால் சூரியன் பின்னால் நின்று வெறும் கருப்பு உருவம்தான் கிடைக்கும். சுதந்திர தேவி எதிர்ப்பக்கம், அதற்குக் காலை வெயில்தான் சரி. வெனிஸ் ஹோட்டலுக்குள் மாடியில் ஒரு கால்வாய் ஓடுகிறது, மேலே கூரையில் நீல வானமும் மேகமும் வரைந்து வைத்திருக்கிறார்கள், எந்நேரம் போனாலும் அந்தி மாதிரி ஒரே வெளிச்சம். படகோட்டி பாட்டுப் பாடிக்கொண்டு துடுப்புப் போடுகிறார். அங்கே எடுத்த முதல் இருபது படங்களில் என் பேரனின் முகம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி வந்தது. அப்புறம்தான் கேமராவில் நிறச் சமநிலையைக் கையால் மாற்றிவிட்டு எடுத்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் ஸ்டுடியோவிலேயே நகல்தானே பிழைப்பு. தாஜ்மகால் திரை ஒன்று, மாடிப்படியும் தோட்டமும் வரைந்த திரை ஒன்று, இரண்டும் சாயம் போய்க் கிழியும் வரை வைத்திருந்தேன். கல்யாணமான புதுசில் வந்து தாஜ்மகால் திரைக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்டு போவார்கள். ஆக்ராவுக்குப் போனதாக யாரும் யாரிடமும் சொன்னதில்லை. திரையின் கீழ் ஓரம் சுருண்டு சிமென்ட் தரை தெரியும், அதை யாரும் வெட்டச் சொன்னதும் இல்லை. பொருட்காட்சி வாசலில் மூங்கிலும் அட்டையும் வைத்து ஈஃபிள் கட்டினால் அதன் முன்னால் செல்ஃபி எடுக்கிறவருக்கும் அது எந்த ஊர் என்று தெரியும். நகலைப் படம் எடுப்பதில் குற்றம் ஒன்றுமில்லை. ஓரத்தை வெட்டிவிட்டு அசல் என்று பெயர் போடும்போதுதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

இந்த வில்லங்கத்தில் உங்களைவிடப் பெரிய இடம் மாட்டியிருக்கிறது. 2010 டிசம்பரில் அமெரிக்க அஞ்சல் துறை சுதந்திர தேவி முகம் போட்ட தபால்தலை வெளியிட்டது. படம் விற்கும் நிறுவனத்திடம் 1,500 டாலர் கொடுத்து உரிமை வாங்கிய புகைப்படம். சில மாதம் கழித்து, 2011-இல், தபால்தலை ஆர்வலர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள்: இது நியூயார்க் துறைமுகத்துச் சிலை இல்லை, லாஸ் வேகாஸ் ஹோட்டல் வாசல் சிலை. தெரிந்த பிறகும் அஞ்சல் துறை அந்தத் தபால்தலையை நிறுத்தவில்லை, எப்படியும் இந்தப் படத்தைத்தான் தேர்ந்தெடுத்திருப்போம் என்றது. நகலைச் செதுக்கிய சிற்பி ராபர்ட் டேவிட்சன் 2013-இல் வழக்குப் போட்டார். நான் அப்படியே பிரதி எடுக்கவில்லை, முகத்தை இன்னும் இளமையாக, பெண்மையாகச் செய்தேன் என்பது அவர் வாதம். முகத்துக்கு மாமியாரின் போட்டோவைப் பார்த்துக்கொண்டாராம். 2018-இல் தீர்ப்பு வந்தது, அவருக்குச் சுமார் 35 லட்சம் டாலர். 1,500 டாலர் படத்துக்கு இவ்வளவு! நகலுக்கும் ஒரு முகம் உண்டு, அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கலாம் என்பதை அந்தத் துறை இப்படிச் செலவு பண்ணித் தெரிந்துகொண்டது.

பாரிஸிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அசல் கோபுரம் 1889-இல் கட்டியது, பகலில் எடுத்த படத்தை யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் இரவில் எரியும் விளக்கு அலங்காரத்துக்குப் பதிப்புரிமை இருப்பதாகக் கோபுர நிர்வாகம் சொல்கிறது. சுற்றுலாப் பயணி ஆசைக்கு எடுத்து வைத்துக்கொண்டால் ஒன்றுமில்லை, பத்திரிகை மாதிரித் தொழில்முறையில் போடுகிறவர்கள் அனுமதி வாங்க வேண்டுமாம். அடுத்த தடவை சரியான பாரிஸ் படம் தேடும்போது இதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

நகல் என்றாலே மட்டம் என்று நினைத்து இதை எழுதவில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, லாஸ் வேகாஸின் அந்தப் பாதி உயரச் சிலையைச் சுற்றித்தான் ஜனங்கள் பூவும் மெழுகுவத்தியும் தீயணைப்பு வீரர்களின் சட்டைகளும் கொண்டுவந்து வைத்தார்கள். யாரும் வைக்கச் சொல்லவில்லை, தானாக வந்து வைத்தார்கள். அசலைவிட்டு 3,500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சூதாட்ட விடுதி வாசலில். அதையும் போலி என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. வெனிஸில் இருக்கிற பெரிய மணிக்கூண்டே 1902-இல் இடிந்து விழுந்து, 1912-இல் பழைய மாதிரியே திரும்பக் கட்டியதுதான். அப்படிப் பார்த்தால் லாஸ் வேகாஸ் வெனிஸ் ஹோட்டலில் அதைப் பார்த்துக் கட்டிய மணிக்கூண்டு நகலின் நகல்.

அந்தப் படத்தைப் போட்டதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ‘லாஸ் வேகாஸில் உள்ள ஈஃபிள் நகல்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும், கட்டுரையில் அதற்கு வேலை இருந்ததோ இல்லையோ, பொய் இருந்திருக்காது. யாரோ விற்கிற படத்தை எடுக்கும்போது அவர்கள் கொடுக்கிற தலைப்பை நம்பாமல் ஓரங்களைப் பாருங்கள். பக்கத்துக் கட்டடம், தெரு விளக்கு, வண்டி நம்பர் பலகை, பனைமரம், ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். பாரிஸில் தெருவோரம் வரிசையாகப் பனை கிடையாது. இதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள், பள்ளிப் பிள்ளைகள் உங்கள் இணைப்பிலிருந்துதான் படம் வெட்டி நோட்டில் ஒட்டுகிறார்கள். என் பேத்தி அந்தப் படத்தை ஏற்கெனவே வெட்டிவிட்டாள், கீழே பாரிஸ் என்று எழுதியும் வைத்திருக்கிறாள். நான் சொன்னால் நம்பமாட்டாள், பேப்பரில் போட்டிருக்கிறதே தாத்தா என்கிறாள். திருத்தம் போட்டால் அதையும் வெட்டிக் கொடுத்துவிடுவேன்.

நான் எடுத்த படம் ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், சாயங்காலம் ஆறு மணிக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று எடுத்தது. காசு வேண்டாம். போடுவதாக இருந்தால் ஊர் பெயரோடு போடுங்கள். இடது ஓரத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது என் வீட்டுக்காரம்மா, நடந்து நடந்து கால் வீங்கிப்போய்விட்டது, இடம் பத்தவில்லை என்று அவளை வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய ஸ்டுடியோக்காரன்,
கும்பகோணம்.