நூலகத்துக்கு நம் பங்கு: ஊராருக்கும் வெளியூர் வாழ் சொந்தங்களுக்கும் ஒரு வேண்டுகோள்

ஊர்ப் பெரியோர்களுக்கும், பிழைப்புக்காகத் திருப்பூர், சென்னை, வளைகுடா என்று போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் நூலகச் சீரமைப்புக் குழுவின் வணக்கம்.

2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகம் கிடைத்தபோது நம் ஊருக்கும் ஒன்று வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப் போட்ட மழையில் அதன் கூரை ஒழுகி, அன்று பூட்டிய கதவு படிக்க வருபவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. போன மாதம் குழுவாக உள்ளே போய்ப் பார்த்தோம். அலமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி இறுகியிருந்தன. ஒன்றை எடுத்தால் நான்கு சேர்ந்து வந்தன. சுவரில் தரையிலிருந்து சன்னல் வரை கரையான் ஏறியிருந்தது. மேசை மேல் இருந்த வருகைப் பதிவேட்டை மட்டும் மழை தொடவில்லை. அதில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர்.

அந்தப் பிள்ளைகள் வயதில் இருப்பவர்கள்தான் இன்று குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார்கள். வீட்டில் டிவி சத்தம், தம்பி தங்கை சண்டை. பெண்பிள்ளைகள் சிலர் அமைதியாக உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேண்டுமென்றே தென்காசிக்குப் பஸ் ஏறுகிறார்கள். 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். பள்ளிப் பாடப்புத்தகத்தை வரி விடாமல் படிக்கிறவர்களுக்குத்தான் அது கைகூடும். அதற்கு ஒரு மேசை, ஒரு விளக்கு, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான புத்தகங்கள் இருந்தால் போதும்.

சனவரி 26 கிராம சபையில் நூலகத்தைச் சீரமைப்பதென்று தீர்மானம் நிறைவேற்றினோம். அன்று முதல் நம் ஊராட்சித் தலைவர் அம்மா ஓயவில்லை. சென்ற வாரம் குழுவிலிருந்து ஆளுக்கொரு நாள் அவருடன் போனோம்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். காலைப் பஸ்ஸில் ஏறியதுமே டேங்க் ஆபரேட்டரின் போன்: கீழத்தெரு போர்வெல் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. பஸ்ஸில் இருந்தபடியே மெக்கானிக்கைப் பிடித்து அனுப்பிவிட்டு, வரிசையில் நின்று நூலக மனுவைக் கொடுத்தார். திரும்பியவர் வீட்டுக்குப் போகாமல் நேரே அந்தப் போர்வெல்லுக்குப் போனார். குடத்தோடு நின்ற ஒரு பாட்டி, "எம்மா, நீ டவுனுக்குப் போயிட்டே. இங்க உலை வைக்கத் தண்ணி இல்லியே" என்றார். "இன்னைக்கு ராத்திரிக்குள்ள வந்திரும் ஆச்சி" என்றவர், இரவு ஒன்பதரைக்கு அந்தக் குடத்தில் தண்ணீர் விழும் வரை அங்கேயே நின்றார்.

செவ்வாயும் புதனும் நூறு நாள் வேலை நடக்கும் வாய்க்கால், குப்பை வண்டி ரிப்பேர், தெருவிளக்கு என்று போயின. வியாழக்கிழமை ஊராட்சி செயலருடன் உட்கார்ந்து வரவு செலவு பார்த்தார். தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் இல்லாமல் ஊராட்சிப் பணத்தில் ஒரு செக்கும் போக முடியாது. நூலகக் கணக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். சனிக்கிழமை மேலத்தெருவில் ஒரு துட்டி (சாவு). ஞாயிறு மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து. நான்கு இடத்திலும் பந்தி முடிந்து வந்தவர்களிடம் நின்று நின்று நூலகத்தைப் பற்றிப் பேசினார். "அண்ணாச்சி, சர்க்கார் ரெண்டு பங்கு தருது. ஒரு பங்கு நாம போடணும்லா" என்பதுதான் எல்லாரிடமும் அவர் சொன்னது.

அந்த ஒரு பங்குக்காகத்தான் இந்த வேண்டுகோள். 2021-ல் அரசு மீண்டும் கொண்டுவந்த நமக்கு நாமே திட்டத்தில், மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும். கூரைத் தளம், தரை, மின் இணைப்பு, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, பின்பக்கம் ஒரு படிப்பறை எல்லாம் சேர்த்து மதிப்பீடு 9 இலட்சம் ரூபாய். நம் பங்கு 3 இலட்சம். தலைவர் அம்மா தம் ஓராண்டு மதிப்பூதியம் 24,000 ரூபாயை முதல் ஆளாகக் கொடுத்துத் தொடங்கி வைத்தார். இதுவரை சேர்ந்தது 1,12,000. இன்னும் 1,88,000 வேண்டும். நம் பங்கு முழுதாகச் சேராமல் அரசுப் பங்கு வராது. ஆனிச் சாரலுக்கு முன் தளம் போடாவிட்டால் மிச்சமிருக்கும் சுவரும் ஊறிவிடும்.

வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம் என்று சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த வரி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ப் பொது நூலகங்களுக்குச் செலவாகிறது. நம்முடையது ஊராட்சிக் கட்டடம், அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

நூறு ரூபாயும் எங்களுக்குப் பெரிய பணம்தான். கொடுத்தவர்கள் பெயர்கள் எல்லாம் நூலகச் சுவரில் ஒரே அளவு எழுத்தில், அகர வரிசையில் வரும். தொகையை எழுதப் போவதில்லை. பணமாகத் தர இயலாதவர்கள் அலமாரிக்குப் பெயின்ட் அடிக்கவும் புத்தகம் அடுக்கவும் ஒரு நாள் வாருங்கள். புத்தகம் தருவதானால் புதிய பாடத்திட்டப் பள்ளிப் புத்தகங்களாகக் கொடுங்கள், ஆறு முதல் பத்து வரை நான்கு செட் தேவை. கிழிந்த பழைய கைடுகள் வேண்டாம்.

ஊராட்சி அலுவலகத்தில் வேலை நேரத்தில் பணம் கட்டலாம். ரசீது இல்லாமல் யாரிடமும், எங்களிடமும்கூட, ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். சேர்ந்த தொகையை ஞாயிறுதோறும் மாலையில் ரேஷன் கடைச் சுவரில் எழுதி ஒட்டுவோம். வெளியூரில் இருப்பவர்கள் ஊரில் இருக்கும் உங்கள் வீட்டார் மூலம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு எப்படியும் வருவீர்கள். அன்று காலை எட்டு மணி முதல் ரசீதுப் புத்தகத்தோடு நூலக வாசலில் இருப்போம். கதவைத் திறந்து வைத்திருப்போம். உள்ளே வந்து அந்த அலமாரியையும் பதிவேட்டையும் பார்த்துவிட்டு, பிறகு கொடுங்கள்.

இப்படிக்கு,
நூலகச் சீரமைப்புக் குழு