ஊசி போட்ட எட்டாம் நாள் காய்ச்சல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தட்டம்மைத் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் கழித்துக் குழந்தைக்கு உடம்பு சுட்டால், ‘கெட்டுப்போன ஊசி’ என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. உண்மையில் அந்தக் காய்ச்சல் வரவேண்டிய நாளில்தான் வந்திருக்கிறது. அந்த ஊசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, உயிருள்ள வைரஸ். அது உடம்பில் பெருகி எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்ப 6 முதல் 12 நாள் ஆகும். கக்குவான் இருமல் ஊசியில் கிருமி உயிரோடு இல்லை. அதற்கான காய்ச்சல் அன்றிரவே வந்து ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் அளவை வயதை வைத்து அல்ல, எடையை வைத்துக் கணக்கிட வேண்டும்: வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., அதாவது 8 கிலோ குழந்தைக்கு 80 முதல் 120 மி.கி. நான்கு மணி நேரமாவது இடைவெளி தேவை. ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. பாராசிட்டமால் சொட்டு மருந்து பெரும்பாலும் சிரப்பைவிட அடர்த்தியானது. அதைச் சிரப் என்று நினைத்துக் கரண்டியில் ஊற்றுவதுதான் ஊசியைவிடப் பெரிய ஆபத்து. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

தட்டம்மை அடங்கிய தடுப்பூசியால் ஆட்டிசம் (மன இறுக்கம்) வரும் என்ற பயம் 1998-இல் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. அதை வெளியிட்ட ‘லான்செட்’ மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வில் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படும் வயதும், இந்த ஊசி போடும் வயதும் ஏறக்குறைய ஒன்றே. குழப்பம் அங்கேதான்.

தடுப்பூசியில் பாதரசம் இருக்கிறது என்ற பயம்? தட்டம்மை ஊசியில் அது இருந்ததே இல்லை. கிருமியைச் செயலிழக்கச் செய்யப் பயன்படும் ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள் வேறு சில ஊசிகளில் மிச்சமாக 0.1 மி.கி.க்குள் இருக்கலாம், குழந்தையின் உடம்பு அதைத் தானாகவே அதைவிட அதிகமாகச் சுரக்கிறது.

பயத்தைச் செலவிட வேண்டிய இடம் வேறு. தட்டம்மை ஊசி மருந்து தூளாக வரும். கரைத்த பின் ஆறு மணி நேரத்துக்குள், அதுவும் குளிரில் வைத்தே, தீர்த்துவிட வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். அதில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் கிடையாது. நேரம் கடந்த குப்பியில் பாக்டீரியா பெருகி, அதன் நச்சால் குழந்தைகள் இறந்ததுண்டு. ஆகவே குப்பியில் கரைத்த நேரம் எழுதியிருக்கிறதா என்று செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள். கடும் ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிக்கு ஒருவர் அளவில்தான் நேர்கிறது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும், தொடையில் அட்ரினலின் போட்டு மீட்டுவிடலாம். அதற்காகத்தான் உட்காரச் சொல்கிறார்கள், எழுந்து போய்விடாதீர்கள்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். ‘தடுப்பூசி போட்ட குழந்தை பலி’ என்று செய்தி வரும்போது மருந்தின் தொகுதி எண், கரைத்த நேரம், ஊசிக்கும் இறப்புக்கும் இடைப்பட்ட நேரம் ஆகியவற்றையும் கேட்டு எழுதுங்கள். விசாரணை முடிவு வரும் நாளில், முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
தடுப்பூசிப் பணியாளர்கள்