தறிகெட்டுச் சுற்றும் ஹெலிகாப்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ரிமோட் ஹெலிகாப்டர் தறிகெட்டுச் சுற்றுகிறது என்று எங்கள் தாமான் (குடியிருப்பு) பிள்ளைகள் என்னிடம்தான் தூக்கி வருகிறார்கள். இரட்டை அடுக்கு விசிறி வகையில் மேலும் கீழும் எதிரெதிராகச் சுழன்றால்தான் உடல் திரும்பாமல் நிற்கும். ஒன்று தளர்ந்தாலும் பம்பரம்தான். பெரும்பாலும் அச்சில் தலைமுடியோ நூலோ சிக்கியிருக்கும். அதை எடுத்துவிட்டு, வளைந்த இறக்கை இருந்தால் மாற்றுங்கள். சுவிட்சைப் போட்டதும் கையில் வைத்து ஆட்டக் கூடாது. சமதரையில் அசையாமல் இருந்தால்தான் கைரோ என்ற திருப்பம் உணரும் கருவி நிலை பிடிக்கும். அப்புறமும் லேசாகத் திரும்பினால், ரிமோட்டில் அதைச் சரிசெய்யும் ட்ரிம்மைத் திருகலாம். அகச்சிவப்பு ரிமோட் என்றால் வெயிலில் சிக்னல் தடுமாறும், மண்டபத்துக்குள் விடுங்கள். 3.7 வோல்ட் பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம். கடைக்காரர்களே, பொம்மையோடு நாலு உதிரி இறக்கையும் விற்றால் என்ன?

முன்னாள் தோட்டப் பட்டறை மெக்கானிக்,
சுங்கை சிப்புட்