பாப்பாவின் ரிப்பன் போர்வைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பாப்பா பிடித்து விளையாட, ஓரமெல்லாம் ரிப்பன் வளையம் வைத்த சின்னப் போர்வை ஒன்று தைத்து முடித்துவிட்டேன். ஓர் அடிக்கு ஓர் அடி சதுரம்தான், ஆனால் அதில் எத்தனை பேர் கை பட்டிருக்கிறது என்று நினைத்தால் பேர் சொல்லாமல் விட்டாலும் நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பக்கத்து வீட்டு அக்கா. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். பாப்பா பொம்மையையெல்லாம் விட்டுவிட்டு தலையணை ஓரத்து லேபிளையே பிடித்து வாயில் வைப்பதைக் கவனித்தவர் அவர்தான். "அவளுக்கு அந்த லேபிளுதான் வேணுமாட்ட இருக்குது கண்ணு, நாலு பக்கமும் அதையே வெச்சுத் தெச்சுக் குடு" என்றார். சொன்னதோடு விடவில்லை, கம்பெனியில் கேட்டு ஒரு பை நிறையக் கட் பீஸும் கொண்டுவந்தார். வழவழவென்று இன்டர்லாக், கோடு கோடாக ரிப், குட்டிக் குட்டிக் குழி விழுந்த பிக்கே, சொரசொரவென்று டெர்ரி. கண்ணை மூடித் தொட்டாலும் நாலும் நாலு விதம், திருப்பூரில் குடியிருப்பதற்கு இதைவிட என்ன வேண்டும்! ரப்பர் பிரிண்ட் போட்ட பீஸையெல்லாம் அவரே ஒதுக்கிவிட்டார், வாயில் போகிற துணியாயிற்றே.

பின்பக்கத்துக்கு அம்மா தன் பழைய, மெல்லிய வாய்ல் (voile) சேலையைக் கிழித்துக் கொடுத்தார். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது, இனிச் சுருங்கவும் சுருங்காது. (புதுத் துணி என்றால் ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும்.)

காதர்பேட்டைப் பக்கம் கடை வைத்திருக்கும் டெய்லர் அண்ணனுக்குத் தனி நன்றி, தொழிலை ஒளிக்காமல் சொல்லித்தந்தார். பனியன் துணிக்குச் சாதா ஊசி போட்டால் இழை அறுந்து ஓட்டை விழும், முனை உருண்டையான பால்பாயிண்ட் ஊசி போடச் சொன்னார். ரிப்பனை நாலு இஞ்சுக்கு வெட்டி, பிசிறு வராமல் முனையை லைட்டரில் லேசாகக் காட்டி, இரண்டாக மடித்து, இரண்டு துணிக்கும் நடுவே மடிப்பு உள்ளே பார்க்க வைத்து, முனை அரை இஞ்ச் தையலுக்குள் போகும்படி அடிக்க வேண்டும். திருப்பினால் வெளியே ஒன்றரை இஞ்ச் வளையம்தான் தெரியும், அதற்குமேல் விட்டால் குழந்தை கை மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ரிப்பன் மேலும் முன்னும் பின்னுமாக இரட்டைத் தையல், போர்வையைத் திருப்பி, அதற்காக விட்ட இடைவெளியைக் கையால் தைத்து மூடியபின் சுற்றிலும் மேலே இன்னொரு தையல். "இழுத்தா மெஷினே நகரணும், ரிப்பன் வரக்கூடாதுங்க" என்று அவரே இழுத்தும் காட்டினார்.

எங்கள் பகுதி செவிலியர் வீட்டுக்கு வந்தபோது பட்டன், மணி ஏதாவது வைக்கலாமா என்று கேட்டேன். ஒன்றுமே வேண்டாம், பிய்ந்தால் தொண்டையில் சிக்கும் என்றார். அதைவிட முக்கியமாக அவர் சொன்னது, இது விழித்திருக்கும்போது பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்து விளையாடக் கொடுக்கும் துணி, தூங்கிவிட்டால் எடுத்துவிட வேண்டும், ஒரு வயது வரைக்கும் தூங்கும் குழந்தை முகத்தருகே எந்தத் துணியும் கிடக்கக் கூடாது என்பது. தைத்துக் கொடுப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

பாப்பாவுக்கு ரிப் துணி மேல் விரலை ஓட்டுவதும், பச்சை சாட்டின் வளையத்தைச் சப்புவதும் ரொம்பப் பிடித்திருக்கிறது. அழுகிற நேரத்தில் அந்தப் பச்சை கைக்குக் கிடைத்தால் போதும்.

அப்புறம் என் அத்தை, மாமியார்தான். எச்சில் பட்டுப் பட்டு நனைகிற துணியை முகம் சுளிக்காமல் அலசி வெயிலில் போடுகிறார், எடுக்கும்போது ஒவ்வொரு வளையத்தையும் இழுத்துப் பார்த்து நூல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிறார். ஒன்று காயும்போது கையில் ஒன்று இருக்கட்டும், இன்னொன்று தைத்துவிடு என்று சொல்லியிருக்கிறார். துணி வெட்டி வைத்துவிட்டேன் அத்தை, இந்த வாரமே தைத்துவிடுகிறேன்.