கோமதிக்கு, வணிகச் சட்ட வகுப்பு பற்றி

மதுரை

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. பி.காம் இரண்டாம் ஆண்டு வணிகச் சட்டத்தை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அலுத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கென்னவோ நல்லதாகத்தான் படுகிறது. அக்கவுண்ட்ஸ் எடுக்கிறவளுக்குத் தேதியும் தொகையும் கையில் இருக்கும். இந்தப் பாடத்தில் பாதிக்கு மேல் அதுதான். இங்கே எல்லோரும் நலம். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, மறுபடி பேப்பர் படித்துவிட்டு அரசாங்கத்தைத் திட்டத் தொடங்கிவிட்டார்.

எங்கே தொடங்குவது, எதை விடுவது என்று கேட்டிருந்தாய். வரையறையைப் பிள்ளைகள் தாமே மனப்பாடம் செய்துவிடுவார்கள், அதற்கு நீ வேண்டாம். ஒவ்வொரு விதியையும் சொன்ன கையோடு, "இது இல்லாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அந்த விதி தெரியாது என்றே வைத்துக்கொள்.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு கேட்பது இவை: தகுதியுள்ள தரப்பினர், சுதந்திரமான சம்மதம், சட்டத்துக்கு உட்பட்ட மறுபயனும் (வாக்குறுதிக்கு ஈடாகக் கிடைப்பது) நோக்கமும், சட்டம் வெளிப்படையாகச் செல்லாது என்று சொல்லாதிருத்தல். இவற்றில் எது குறைந்தாலும் "ஒப்பந்தம் செல்லாது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவார்கள். மார்க் போவது அங்கேதான். சம்மதத்தில் மிரட்டலோ மோசடியோ கலந்திருந்தால் ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கிறது. ஏமாந்தவர் வேண்டாம் என்று சொன்னால்தான் சாகும். அவர் சும்மா இருக்கும் இடைவெளியில் மூன்றாம் ஆள் உள்ளே வந்துவிடலாம்.

வகுப்பில் இப்படிக் கேட்டுப் பார். ஒருவன் பொய் சொல்லி ஏமாற்றி உன்னிடம் தையல் மெஷினை விலைக்கு வாங்குகிறான். நீ ரத்து செய்வதற்கு முன்பே, விஷயம் தெரியாத ஒருவருக்கு அதை விற்றுவிடுகிறான். மெஷின் அவருக்கே சொந்தம். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. உனக்கு ஏமாற்றியவன் மேல் வழக்கு மட்டும்தான் மிச்சம். அதே மெஷினை அவன் திருடி விற்றிருந்தால், வாங்கியவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் 27-ஆம் பிரிவின்படி அவருக்கு உரிமை வராது. திருட்டில் ஒப்பந்தமே இல்லை, மோசடியில் ஒரு ஒப்பந்தம் இருந்தது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் வகுப்பு தானாகவே சண்டை போடும்.

மிரட்டலைப் பற்றி ஒன்று. 1917-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த அம்மிராஜு வழக்கில், தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டி ஒருவர் மனைவியிடமும் மகனிடமும் எழுதி வாங்கிய விடுதலைப் பத்திரம் (சொத்துரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) மிரட்டலால் பெற்றது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு "தண்டனைச் சட்டம் தடுக்கும் செயல்" என்று சொல்வதும், தற்கொலை முயற்சி அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவின் கீழ் குற்றமாக இருந்ததும் அந்த வாதத்துக்கு ஆதாரம். அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 309 இல்லை. அரசு ஊழியரை நெருக்குவதற்காகச் செய்யும் முயற்சி மட்டும் 226-ஆம் பிரிவில் நிற்கிறது. இன்று அதே வழக்கு வந்தால்? கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியைப் போடு. கைடு புத்தகத்திலிருந்து காப்பி அடிக்க முடியாது.

மைனர் விஷயத்தில் சட்டம் வேறு மாதிரி. 1903-இல் மோஹோரி பீபி வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், மைனர் எழுதிக் கொடுத்த அடமானம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று சொல்லிவிட்டது. ரத்து செய்ய வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் ரத்து செய்ய அங்கே ஒன்றும் இல்லை. பதினெட்டு வயது ஆனபிறகு "ஆமாம், நான்தான் எழுதினேன்" என்று ஒப்புக்கொண்டாலும் பழைய பத்திரம் பிழைக்காது. அத்தியாவசியப் பொருள் கொடுத்தவருக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 68-ஆம் பிரிவில் ஒரு வழி உண்டு. ஆனால் அந்தப் பணம் மைனரின் சொத்திலிருந்துதான் வரும், ஆள் மேல் வராது. சொத்து இல்லையென்றால் கொடுத்தவர் கை விரிக்க வேண்டியதுதான்.

மறுபயனில் நம் சட்டமும் ஆங்கிலச் சட்டமும் பிரியும் இடத்தைப் புத்தகங்கள் குழப்பிவிடும். அங்கே வாக்குறுதி பெற்றவரே மறுபயன் தர வேண்டும். இங்கே 2(ஈ) பிரிவு "அவரோ வேறு எவரோ" என்கிறது. சின்னய்யா - ராமய்யா வழக்கு நம் சென்னை நீதிமன்றம் தந்தது: தாய் மகளுக்குச் சொத்தைக் கொடுத்து, தன் உடன்பிறந்தாருக்கு ஆண்டுதோறும் பணம் தரச் சொன்னார். மகளும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு மறுத்தாள். உடன்பிறந்தார் தம் கையிலிருந்து எதுவும் தரவில்லை என்ற வாதம் எடுபடவில்லை. ஆனால் மகள் அவரிடமே எழுதிக் கொடுத்திருந்தாள் என்பதைப் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். மறுபயனுக்கு வெளியே இருப்பவர் வழக்குப் போடலாம், ஒப்பந்தத்துக்கே வெளியே இருப்பவர் பொதுவாகப் போட முடியாது.

புரோநோட்டுக்கு, அதாவது கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்கு, ஒரு முழு வகுப்பு ஒதுக்கு. உன் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டு பீரோவில் ஒன்றாவது கிடக்கும். "கேட்டவுடன் தருகிறேன்" என்று எழுதிய நோட்டின் பேரில் வழக்குப் போட மூன்று ஆண்டுக் கெடு. அது கேட்ட நாளிலிருந்து ஓடுவதில்லை, நோட்டு எழுதிய தேதியிலிருந்து ஓடுகிறது. "வட்டி ஒழுங்காக வருகிறதே" என்று அசந்து உட்கார்ந்திருப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். வட்டியோ அசலில் ஒரு பகுதியோ கொடுத்தால் கெடு புதிதாகத் தொடங்கும், உண்மைதான். ஆனால் காலவரையறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு இரண்டு நிபந்தனை வைக்கிறது. பணம் கெடு முடிவதற்குள் வந்திருக்க வேண்டும். கொடுத்ததற்கான குறிப்பு, கொடுத்தவரின் கையெழுத்திலோ அவர் ஒப்பமிட்டோ இருக்க வேண்டும். கடன் கொடுத்தவரே நோட்டின் பின்பக்கம் "வரவு ரூ. 5,000" என்று எழுதி வைத்துக்கொண்டால் அது காகிதத்தில் மை, அவ்வளவுதான்.

கெடு முடிந்த பிறகு? 18-ஆம் பிரிவின்படி கடனை ஒப்புக்கொண்டு எழுதித் தருவதும் கெடு முடிவதற்கு முன்புதான் பலிக்கும். அதற்குப் பிறகு ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) மட்டுமே கைகொடுக்கும். அதற்குக் கடனாளி எழுதி ஒப்பமிட்டு, தருவதாக வாக்களிக்க வேண்டும். "பாக்கி இருப்பது உண்மைதான்" என்ற கடிதம் போதாது, "தருகிறேன்" என்ற சொல் வேண்டும். இந்தப் பழைய கடனுக்கு மறுபயன் எங்கே என்று யாராவது கேட்டால் சந்தோஷப்படு. மறுபயன் இல்லாமலே செல்லுபடியாகும் விதிவிலக்குகளில் இது ஒன்று.

அடுத்து செக் பவுன்ஸ், அதாவது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. கரும்பலகையில் தேதி போட்டுத்தான் இதை நடத்த வேண்டும். செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பி வந்த தகவல் மார்ச் 5 அன்று கைக்கு வந்தது என்று வைத்துக்கொள். அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் 30-ஆம் நாள் ஏப்ரல் 4. நோட்டீஸ் அதற்குள் போயாக வேண்டும். மார்ச் 20-இல் பதிவுத் தபாலில் அனுப்பி, 24-இல் எதிர்த்தரப்பு வாங்கினால், பணம் கட்ட 15 நாள். அது ஏப்ரல் 8 அன்று முடிகிறது. வழக்குக்கான காரணம் 9-இல் பிறக்கிறது. புகார் போட ஒரு மாதம், மே 9 வரை.

இதில் எங்கெல்லாம் வழுக்கும் என்று சொல்கிறேன். அவசரப்பட்டு ஏப்ரல் 7-இலேயே புகார் போட்டால் அது புகாரே இல்லை. 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் 30 நாள் நோட்டீஸ் கெடுவுக்கு அப்படி ஒரு மன்னிப்பு கிடையாது. அதைத் தவறவிட்டவருக்கு ஒரே வழி, செக் இன்னும் உயிரோடு இருந்தால் மறுபடி வங்கியில் போட்டு, புதிதாக எண்ணத் தொடங்குவது. நோட்டீஸில் செக் தொகையைத் துல்லியமாகக் கேட்க வேண்டும். வட்டி, வக்கீல் செலவு என்று எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் கேட்டால் நோட்டீஸ் அடிபடும். செக் கொடுத்தபிறகு பாதிப் பணம் வந்துவிட்டால் அதைச் செக்கிலேயே குறிக்க வேண்டும். குறிக்காமல் முழுத் தொகைக்கும் போட்டால் 138 நிற்காது என்று 2022-இல் தீர்ப்பு வந்தது. வழக்கை எங்கே போடுவது என்ற குழப்பம் 2015 திருத்தத்தோடு தீர்ந்தது: பணம் பெற வேண்டியவரின் கணக்கு இருக்கும் கிளையை ஒட்டிய நீதிமன்றம். தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே.

பார்ட்னர்ஷிப்பில் 69-ஆம் பிரிவு ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் பின்னால் வரும். ஃபர்மைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. பதியாவிட்டால் அபராதமும் இல்லை, வியாபாரமும் நடக்கும். யாரோ ஒருவர் பணம் தராமல் இழுத்தடிக்கும் நாளில்தான் வலி தெரியும். பதியாத ஃபர்ம், ஒப்பந்தத்தின் பேரில் வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. வெளியாள் ஃபர்ம் மீது போடலாம்! வழக்குப் போட்டபிறகு ஓடிப்போய்ப் பதிந்தாலும் அந்த வழக்கு பிழைக்காது. பதிந்த ஃபர்மாக இருந்தாலும் புதிதாகச் சேர்ந்த பங்குதாரரின் பெயர் பதிவேட்டில் ஏறாமல் இருந்தால் அதே கதிதான். இடையில் பங்குதாரர் மாறியதைத் தெரிவிக்காமல் விட்ட ஃபர்ம்கள் நிறைய. நூறு ரூபாய்க்கு உட்பட்ட கோரிக்கைக்கு விலக்கு உண்டு என்று சட்டம் இன்னும் சொல்கிறது. அந்தச் சட்டம் வந்த 1932-இல் நூறு ரூபாய் பெரிய பணம்.

சரக்கு விற்பனையில் "இழப்பு யாருக்கு" என்ற கேள்வி போதும். ஈரோட்டுக் கிடங்கில் ஒருவர் 100 மூட்டை மஞ்சளைப் பார்த்துப் பேசி முடிக்கிறார். குவிண்டால் விலை என்பதால் விற்பவர் எடை போட்டுச் சொல்ல வேண்டும். எடை போடுவதற்கு முன் தீப்பிடித்தால்? வேறு பேச்சு இல்லாவிட்டால் 22-ஆம் பிரிவின்படி சரக்கின் உரிமை இன்னும் மாறவில்லை, நஷ்டம் விற்றவருக்கு. பணம் கொடுத்தாயிற்றா, சரக்கு யார் கையில் இருக்கிறது என்று பிள்ளைகள் தேடுவார்கள். தேட வேண்டியது அதையில்லை, உரிமை எப்போது மாறியது என்பதை.

வேலைக்குப் போகப்போகும் பிள்ளைகள் என்பதால் பாண்டு, அதாவது வேலையில் சேரும்போது எழுதி வாங்கும் உறுதிப் பத்திரம், பற்றியும் கேட்பார்கள். வேலையை விட்டபிறகு போட்டிக் கம்பெனிக்குப் போகக் கூடாது என்ற ஷரத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவால் செல்லாது. "மூன்று ஆண்டுக்குள் விட்டால் பணம் கட்டு" என்பது வேறு வகை. 2025-இல் ஒரு பொதுத்துறை வங்கி வைத்திருந்த 2 லட்சம் ரூபாய் ஷரத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதற்காக எந்தக் கம்பெனியும் எந்தத் தொகையும் எழுதிக்கொள்ளலாம் என்று ஆகாது. 74-ஆம் பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்பு, அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்.

மாதிரித் தேர்வுக்கு இதைப் போட்டுப் பார். பதியாத ஃபர்ம் ஒன்று, 17 வயதுப் பையனுக்கு 40,000 ரூபாய்க்கு மொபைல் போன் விற்கிறது. பையனின் அப்பா செக் தருகிறார், அது திரும்பி வருகிறது. 32-ஆம் நாள் நோட்டீஸ் போகிறது. யார் யாரிடம் என்ன கேட்கலாம்? பிரிவு எண்ணை எழுதாமல் பதில் எழுதச் சொல். கட்டு கட்டாக விடைத்தாள் வந்ததும் வேடிக்கையானவற்றை எனக்கும் அனுப்பு. பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாயே, எந்தத் தேதி என்று சொல்லவில்லை.

அன்புடன்,
வசந்தா